சோபா மாத்துறதுக்கு முன்னாடி ஜன்னலைப் பாருங்க

போன பொங்கல் முடிஞ்ச கையோட என் சித்தி பொண்ணு மதுரையில இருந்து போன் பண்ணி, "அக்கா, ஹால் எடுப்பாவே இல்லக்கா, வீட்டுக்கு வர்றவங்க அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுக் கிளம்பிடுறாங்க, சோபாவ மாத்திடலாமான்னு பாக்குறேன்"னு கேட்டா. ரெண்டாவது மாடி பிளாட், ஹால் பத்துக்குப் பதினாலு அடி, மேற்க பாத்து நாலடி அகலத்துல ஒரு ஜன்னல், சோபா வாங்கி அஞ்சு வருஷம்தான் ஆகுது, கட்டையெல்லாம் கெட்டியா இருக்கு. போய் ரெண்டு நாள் தங்கிப் பாத்தேன். சோபாவ மாத்தல, ஆனா இப்ப அந்த ஹால் வேற ஹால். அங்க என்னென்ன பண்ணோம், ஏன் அப்படிப் பண்ணோம்னு புதுசா வீட்ட மாத்த நினைக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதுறேன், ஏன்னா நிறைய பேர் பெரிய பொருள்ல இருந்து ஆரம்பிச்சு காச முடக்கிட்டு அப்புறமும் ஏதோ சரியில்லன்னு தவிக்கிறத நான் பாத்திருக்கேன்.

அடிப்படை விஷயம் ஒண்ணுதான். ஒரு ரூம் எப்படித் தெரியுதுங்கறத முதல்ல வெளிச்சம் முடிவு பண்ணுது, ரெண்டாவது துணி, மூணாவதுதான் மரச்சாமான். நாம வாங்குற வரிசை இதுக்கு அப்படியே தலைகீழ். முதல்ல சோபா, அப்புறம் டீபாய், அப்புறம் மிச்சக் காசுல ஏதோ ஒரு ஸ்க்ரீன், பல்பு பத்தி யாருமே யோசிக்கிறதில்ல, பில்டர் மாட்டிக் கொடுத்த டியூப்லைட்தான் கடைசி வரைக்கும்.

வெளிச்சம்னா என்னன்னு கொஞ்சம் நிதானமா பாப்போம். ஒரு துணியோட கலர் அந்தத் துணியில மட்டும் இல்ல, அது மேல விழுற வெளிச்சத்துலயும் இருக்கு. வெளிச்சத்துல சிவப்பு குறைவா இருந்தா சிவப்புத் துணியால சிவப்பக் காட்ட முடியாது, அவ்வளவுதான். நான் கல்யாணமான புதுசுல ஒரு கடையில மெரூன் கலர்ல ஸ்க்ரீன் துணி பத்து மீட்டர் எடுத்தேன், கடையில மஞ்சள் ஸ்பாட்லைட்டுக்குக் கீழ பட்டு மாதிரி ஜொலிச்சுது, வீட்டுக்கு வந்து வெள்ளை டியூப்லைட்ல தொங்கவிட்டா மக்கிப்போன பிரவுன். துணி மேல ஒரு குறையும் இல்ல, வெளிச்சம்தான் வேற. அதுல இருந்து எந்தத் துணியா இருந்தாலும் ஒரு சாம்பிள் துண்டு வாங்கிட்டு வந்து வீட்டு ஜன்னல்கிட்ட பகல்ல ஒரு தடவ, ராத்திரி பல்பு வெளிச்சத்துல ஒரு தடவ பாக்காம எடுக்கிறதே இல்ல, அரை அடித் துண்டு போதும்.

இப்ப உங்க ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருங்க. கிழக்குன்னா காலையில வெளிச்சம் கொட்டும், பத்துப் பதினோரு மணிக்கு மேல அமைதியாயிடும். வடக்குன்னா பெரும்பாலும் நாள் பூரா ஒரே சீரான வெளிச்சம், படிக்க, தையல் போட அருமையான ரூம் அது, ஆனா கொஞ்சம் நீலச் சாயல் இருக்கும், அதனால வெறும் சாம்பல், வெறும் வெள்ளைன்னு போனா சோகையா தெரியும். தெற்கு ஜன்னல்ல மார்கழி, தை மாசம் வெயில் சாய்வா ரொம்ப உள்ள வரைக்கும் வரும், அப்ப சூரியன் தெற்க ஒதுங்கிப் போறதுனால. சித்திரை தொடக்கத்துல மதுரைக்கு நேர் உச்சியில இருக்கும், ஆனி மாசம் உச்சியத் தாண்டி வடக்குப் பக்கம் கொஞ்சம் சாஞ்சே போகும், அப்ப வடக்கு ஜன்னல்லயும் கொஞ்சம் வெயில் எட்டிப்பாக்கும், பயப்படாதீங்க. மேற்கு ஜன்னல்தான் பிரச்சனை. மதியம் ரெண்டரைக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் சுள்ளுன்னு நேரா மூஞ்சியில அடிக்கும், சித்தி பொண்ணு வீட்டுல அதான் நடந்துச்சு. சோபா அந்த ஜன்னலப் பாத்துப் போட்டிருந்தாங்க, வர்றவங்க எல்லாம் சாயங்கால நேரத்துலதான் வருவாங்க, கண் கூசுது, முதுகு வேர்க்குது, யாரு உக்காருவா? சோபாவ மாத்தியிருந்தா புது சோபாவுல உக்காந்து கண் கூசியிருக்கும்.

இதக் கண்டுபிடிக்க நான் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், நீங்களும் பண்ணலாம். வாசல்ல ஒரே இடத்துல நின்னு காலையில எட்டு மணி, மதியம் பன்னண்டு, சாயங்காலம் நாலு, ராத்திரி ஏழரைன்னு போன்ல நாலு போட்டோ எடுங்க. லைட் போடுறது, சாமான நகர்த்துறது எதுவும் வேணாம், வீடு எப்படி இருக்கோ அப்படியே. நாலையும் வரிசையா வச்சுப் பாத்தா, தினமும் பாத்துப் பழகிப்போன கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். எந்த மூலை நாள் பூரா இருட்டா கிடக்கு, எந்தச் சுவத்துல வெயில் அடிக்குது, ஷோகேஸ் கண்ணாடி எங்க பளிச்சுன்னு மின்னி டிவிய மறைக்குது எல்லாம்.

ராத்திரி வெளிச்சத்துக்கு வருவோம். பல்பு அட்டைப்பெட்டில 3000 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின்னு போட்டிருப்பாங்க, பாதிப் பேர் அதப் படிக்கிறதே இல்ல. கொல்லன் பட்டறையில இரும்பக் காய்ச்சும்போது பாத்திருப்பீங்க, முதல்ல செக்கச் செவேல்னு வரும், இன்னும் ஊதினா மஞ்சளாகும், இன்னும் சூடேறினா வெள்ளை. அந்தச் சூட்டோட கணக்குதான் கெல்வின். நம்பர் குறைஞ்சா மஞ்சள், கூடினா வெள்ளை, இன்னும் கூடினா நீலம். பழைய குண்டு பல்பு 2700 கெல்வின் கிட்ட, உச்சி வெயில் 5500 கிட்ட, நம்ம வீடுங்கள்ல எரியுற பெரும்பாலான டியூப்லைட் 6500. அதாவது ராத்திரி எட்டு மணிக்கு ஹால்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கும்போது மத்தியான வெயில விட நீலமான ஒரு வெளிச்சத்துல நாம உக்காந்திருக்கோம். வாட்ஸ் கூட்டினா வீடு பளிச்சுன்னு ஆகும்னு நினைக்கிறோம், ஆனா பளிச்சு வேற, இதம் வேற. உக்காந்து பேசுற இடத்துக்கு 3000, சமையல்கட்டுக்கும் படிக்கிற மேஜைக்கும் 4000, இது போதும்ங்கறது என் கருத்து. 6500-ஐ துணி தோய்க்கிற இடத்துக்கு விட்டுடுங்க.

பெட்டியில இன்னொரு நம்பரும் இருக்கும், சிஆர்ஐ. கலர எவ்வளவு உண்மையா காட்டும்ங்கற மார்க் அது, நூத்துக்கு. 80-க்குக் கீழ வாங்காதீங்க, 90 கிடைச்சா ஹாலுக்கு அதையே போடுங்க, மெரூன், குங்குமக் கலர், மாம்பழ மஞ்சள் எல்லாம் அப்பதான் உயிரோட தெரியும், மனுஷ முகமும் கூடத்தான். அப்புறம் எல்லா வெளிச்சமும் மேல இருந்து ஒரே இடத்துல வந்தா கண்ணுக்குக் கீழ நிழல் விழுந்து எல்லாரும் களைச்சுப் போன மாதிரி இருப்பாங்க. சித்தி பொண்ணு வீட்டுல டியூப்லைட்ட எடுக்கல, வீடு பெருக்க, எதையாவது தேட அது வேணும், ஆனா சோபா பக்கத்துல ஒரு ஸ்டாண்ட் லைட், டிவிக்குப் பின்னாடி ஒரு சின்ன லைட், ரெண்டுமே 3000-ல வச்சோம். ராத்திரி ஏழு மணிக்கு டியூப்லைட்ட அணைச்சு இந்த ரெண்டையும் போட்டப்ப அவ மாமியார் சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாத்து "யாரு வீடு இது"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் ஒரு துணி கூட மாத்தல.

அடுத்தது துணி. ஸ்க்ரீன்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா ஹால்ல சுவத்துக்கு அடுத்து கண்ணுல படுற பெரிய பரப்பு அதுதான். எல்லாரும் பண்ற தப்பு துணியோட அகலத்துல. ஜன்னல் நாலடின்னா ரெண்டு ரெடிமேட் ஸ்க்ரீன் வாங்கி மாட்டிடுவாங்க, இழுத்து மூடினா போஸ்டர் ஒட்டின மாதிரி தட்டையா நிக்கும். சேலையில கொசுவம் வைக்கிறோமே, அந்தக் கொசுவம்தான் சேலைக்கு விழுற அழகக் கொடுக்குது, கொசுவத்துக்குத் துணி பத்தலன்னா எவ்வளவு விலை உயர்ந்த பட்டும் எடுபடாது. ஸ்க்ரீனுக்கும் அதே கணக்கு. கம்பி நீளம் எவ்வளவோ அதுல ரெண்டுல இருந்து ரெண்டரை மடங்கு துணி அகலம் வேணும். நாலடி ஜன்னலுக்குக் கம்பி ரெண்டு பக்கமும் அரையடி வெளிய வர்ற மாதிரி அஞ்சடி போடுங்க, அப்ப துணி பத்துல இருந்து பன்னண்டரை அடி. ரெடிமேட் ஒண்ணு ஏறக்குறைய நாலடி அகலம் இருக்கும், அப்ப மூணு வேணும், ரெண்டு பத்தாது. இந்த மூணாவது ஸ்க்ரீன்தான் பார்க்குறதுக்குப் பணக்கார வீடு மாதிரி காட்டுற விஷயம், துணியோட விலை இல்ல. வெளிய நீட்டின அந்த அரையடி எதுக்குன்னா, பகல்ல திறந்து ஒதுக்கும்போது துணி சுவத்து மேல போய் நிக்கும், கண்ணாடி முழுசா திறந்துடும், ஜன்னலே பெருசா தெரியும்.

உயரம். நம்ம ஊர் வீடுங்கள்ல லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை, பெரும்பாலும் ஏழடியில இருக்கும், கம்பிய அதுக்கு மேல நாலஞ்சு இன்ச் ஏத்தி அடிங்க, சீலிங் உயரமா தெரியும். ரெடிமேட்ல அஞ்சடி, ஏழடி, ஒன்பதடின்னுதான் வருது, ஏழடிய ஏத்தி மாட்டினா கீழ அரையடி தூக்கிட்டு அரைக்கால் சட்டை மாதிரி நிக்கும், அதுக்கு ஒன்பதடி வாங்கி டெய்லர்கிட்டக் கொடுத்து வெட்டிக்கிறது நல்லது. தரைய தொட விடாதீங்க, தினமும் மாப் போடுற வீடு நம்மளது, ஒரு இன்ச் மேல நிக்கட்டும். காட்டன்னா தைக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ தண்ணியில போட்டு அலசிடணும், நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் சுருங்கும், ஏழடித் துணியில அது மூணு நாலு இன்ச், தைச்சதுக்கு அப்புறம் சுருங்கினா ஒண்ணும் பண்ண முடியாது.

மேற்கு ஜன்னலுக்கு ரெண்டு அடுக்கு போட்டோம். கண்ணாடிய ஒட்டி மெல்லிசா வெள்ளை, அதுக்கு முன்னாடி லைனிங் வச்ச கெட்டித் துணி. மூணு மணிக்கு மெல்லிசு மட்டும் மூடினாலே கூசுறது போய் வெளிச்சம் பால் மாதிரி பரவுது. லைனிங் எதுக்குன்னா வெயில் நேரா அடிச்சுத் துணி வெளுக்காம இருக்க, பட்டு ரொம்ப சீக்கிரம் நைஞ்சு போகும், காட்டன் வெளுக்கும், பாலியஸ்டர் தாங்கும். ஆனா ஒண்ணு, ஸ்க்ரீன் சூட்ட முழுசா தடுக்காது. வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வந்துட்டா சூடும் உள்ள வந்துடுச்சு, அதுக்கு வெளியவே தடுக்கணும். பால்கனி இருக்கறவங்க மூங்கில் தட்டி கட்டுங்க, முன்னாடியெல்லாம் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணி தெளிப்பாங்க, அதத் தொட்டு வர்ற காத்து இருக்கே, அந்த வாசனையையும் சேத்து, அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

கடையில போனா ஜிஎஸ்எம், த்ரெட் கவுன்ட்னு சொல்லிக் குழப்புவாங்க. ஜிஎஸ்எம்ங்கறது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துணியோட எடை, கிராம்ல. பெட்ஷீட்டுக்கு 120, 150 வாக்குல இருந்தா நம்ம சூட்டுக்குச் சரி, சோபா மேல போடுறதுக்கு 300-க்கு மேல பாருங்க, இல்லன்னா உக்காந்து எழுந்திரிக்கறப்ப சுருண்டு இடுக்குல போயிடும். த்ரெட் கவுன்ட்ங்கறது ஒரு சதுர இன்ச்சுல நீளவாக்குல ஓடுற பாவு நூலும் குறுக்க ஓடுற ஊடை நூலும் சேத்து எத்தனைன்னு. 200-ல இருந்து 400 வரைக்கும் நல்ல துணி. 1000-ன்னு எழுதியிருந்தா பெரும்பாலும் ரெண்டு மூணு புரி முறுக்கின நூல தனித்தனியா எண்ணியிருப்பாங்க, அதுக்குக் காசு அள்ளிக் கொடுக்காதீங்க.

துணி எங்க வாங்குறதுன்னா நாம ரொம்பக் கொடுத்து வச்சவங்க. கரூர்ல நெய்யுற பெட்ஷீட்டும் மேஜை விரிப்பும் ஸ்க்ரீனும் ஐரோப்பா, அமெரிக்கா கடைகளுக்குப் போகுது, நாம இங்க உக்காந்து எங்கிருந்தோ வர்ற பாலியஸ்டர ஆன்லைன்ல தேடிட்டு இருக்கோம். சென்னிமலை போர்வை, பெட்ஷீட் கையில பிடிச்சாலே கனம் தெரியும், துவைக்கத் துவைக்க மெதுவாகும். ஈரோடு பக்கம் இருக்கறவங்களுக்கு கனி மார்க்கெட் தெரிஞ்சிருக்கும், திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் வாரச்சந்தை. எதுவும் பக்கத்துல இல்லன்னா கோ-ஆப்டெக்ஸ் இருக்கு, 1935-ல ஆரம்பிச்சது, தீபாவளி சமயத்துல தள்ளுபடியில கைத்தறி பெட்ஷீட், ஸ்க்ரீன் துணி எடுத்து வச்சுக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பவானி ஜமுக்காளம். காவிரியும் பவானி ஆறும் கூடுற ஊர்ல நெய்யுறது, புவிசார் குறியீடு வாங்கின பொருள், கெட்டிக் காட்டன்ல சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சுன்னு பட்டை பட்டையா. கல்யாண வீட்டுல விரிச்சு உக்காந்தது, திண்ணையில தாத்தா படுத்தது எல்லாம் அதுலதான், இப்ப பரண்ல சுருட்டிப் போட்டுட்டு ஆன்லைன்ல கார்பெட் வாங்குறோம். நம்ம ஊர் வேர்வைக்கும் தூசிக்கும் அந்த முடி வச்ச கார்பெட் ஒத்து வராது, தூசி உள்ள தங்கும், துவைக்க முடியாது, மழைக்காலத்துல நாத்தம் வரும். ஜமுக்காளத்த உதறலாம், துவைக்கலாம், கொடியில போடலாம், திருப்பிப் போட்டா இன்னொரு பக்கமும் அதே மாதிரி. சித்தி வீட்டுப் பரண்ல இருந்து ஒண்ண இறக்கி சோபாவுக்கு முன்னாடி விரிச்சோம். அளவுல ஒரு விஷயம், டீபாய்க்கு அடியில மட்டும் சின்னதா மிதியடி மாதிரி போட்டா ஹால் சுருங்கித் தெரியும், சோபாவோட முன்கால் ரெண்டும் விரிப்பு மேல ஏறி நிக்கணும், நீளம் சோபா நீளத்துக்குக் குறையக்கூடாது. மூணு பேர் சோபா ஆறரை, ஏழடி வரும், அதுக்குத் தகுந்தாப்புல பாத்துக்கங்க. பத்தமடைப் பாயும் அழகு, தாமிரபரணிக் கரைக் கோரையில நெய்யுறது, தரையில உக்காந்து பேசுற வழக்கம் இருக்கற வீட்டுக்கு அது போதும், ஆனா ஈரத் தரையில விரிச்சே வச்சிருந்தா பூஞ்சை வந்துடும், சுருட்டி நிமித்தி வைங்க.

கலர் சேக்குறதுக்கு அறுபது, முப்பது, பத்துன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. ரூம்ல அறுபது பங்கு ஒரு கலர், முப்பது பங்கு இன்னொண்ணு, பத்து பங்கு எடுப்பான மூணாவது. நல்ல கணக்குதான், ஆனா எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்றதில்ல. என்னக் கேட்டா தரையில இருந்து ஆரம்பிங்க. சுவத்த வருஷத்துக்கு ஒரு தடவ கூட மாத்தலாம், தரைய மாத்த முடியாது. பிளாட்னா ரெண்டுக்கு ரெண்டு கிரீம் கலர் டைல்ஸ், அதுக்கு மேல கிரீம் சுவர், கிரீம் ஸ்க்ரீன் போட்டா எல்லாம் கரைஞ்சு போகும், அங்க முப்பது பங்குக்கு இலைப் பச்சையோ மண் கலரோ வேணும். சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இருக்கற பழைய வீடுன்னா சுவர் வெள்ளை, ஸ்க்ரீன் கிட்டத்தட்ட வெள்ளை, அவ்வளவே போதும், தரையே பேசும். ஆத்தங்குடிக் கல் பதிச்ச வீடுன்னா தரையிலயே பூ இருக்கு, அதுக்கு மேல பூப்போட்ட சோபாத் துணி வேணாம். எடுப்பான அந்தப் பத்து பங்கு குஷன் உறை, ஜமுக்காளத்துப் பட்டை, ஒரு மண்பானைச் செடின்னு சின்னச் சின்னதுல வரட்டும், சலிச்சா மாத்திக்கலாம்.

மரச்சாமான் கடைசி, அதுக்கும் வாங்குறதுக்கு முன்னாடி நகர்த்திப் பாருங்க. நாங்க சோபாவ எதிர்ச் சுவத்துக்கு மாத்தினோம், இப்ப ஜன்னல் பின்னாடி பக்கவாட்டுல வருது, சாயங்கால வெயில் யார் கண்ணுலயும் அடிக்கல. நடக்குற வழிக்கு ரெண்டரைல இருந்து மூணடி விடணும், சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவுல ஒண்ணரை அடிக்குக் கிட்ட இருந்தா காலும் இடிக்காது, டம்ளர் வைக்கவும் எட்டும். புதுசா ஏதாவது வாங்குறதா இருந்தா நியூஸ்பேப்பர அந்த அளவுக்கு ஒட்டி தரையில விரிச்சு ரெண்டு நாள் அதச் சுத்தி நடந்து பாருங்க, கடையோட பெரிய ஹால்ல சின்னதா தெரியுறது வீட்டுக்கு வந்தா யானை மாதிரி நிக்கும். லிஃப்ட்டு, மாடிப்படித் திருப்பம், வாசக்கதவு மூணையும் இன்ச் டேப் வச்சு அளக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சோபாவோட உக்காருற உயரம் 16-ல இருந்து 18 இன்ச், வீட்டுல முட்டிவலி உள்ள பெரியவங்க இருந்தா 18-க்குக் குறையாம, புதைஞ்சு போற சோபா பாக்க நல்லா இருக்கும், அப்பாவால எந்திரிக்க முடியாது. ஃபோம் 32 டென்சிட்டியா 40-ஆன்னு கேளுங்க, ஃபோம் எவ்வளவு அடர்த்திங்கற கணக்கு அது, தினமும் உக்காருற சோபாவுக்கு 40 உழைக்கும். ரெக்ஸின் வேணாம், சித்திரையில தோலோட ஒட்டும்.

சோபா பழசாத் தெரியுதுன்னா சட்டம் ஆடுதா, இல்ல ஃபோம் மட்டும் அமுங்கியிருக்கான்னு பாருங்க, சட்டம் நல்லா இருந்தா சோபா வேலை பாக்குறவரக் கூப்பிட்டு ஃபோமும் துணியும் மாத்திக்கலாம். சித்தி பொண்ணு அதுவும் பண்ணல, சென்னிமலை விரிப்பு ரெண்டு வாங்கி மேல போட்டு மடிச்சு சொருகிட்டா, புது சோபா விலையில கால்வாசி கூட மொத்தமா ஆகல.

பரண்ல இருந்து ஜமுக்காளத்த இறக்கினாலோ புதுசு வாங்கினாலோ விரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணிய நனைச்சுப் பிழிஞ்சு மூலையில சிவப்புப் பட்டை மேல தேய்ச்சுப் பாருங்க. கலர் ஒட்டுச்சுன்னா முதல் ரெண்டு மூணு அலசு பச்சைத் தண்ணியில தனியா போடுங்க, ஊற வைக்காதீங்க, முறுக்கிப் பிழியாம ரெண்டு பேரா பிடிச்சு உதறி நிழல்ல காயப் போடுங்க. கிரீம் டைல்ஸ்ல சிவப்புச் சாயம் இறங்கிட்டா தேய்ச்சு எடுக்குறது பெரும்பாடு.